9 நாள், 8 ஊர், குறைந்த செலவு: வியட்நாம் பயணத்தை எப்படித் திட்டமிடுவது?

நீங்கள் கேட்டது இதுதான்: மார்ச் மாதம், கணவன் மனைவி இரண்டு பேர், கையில் 9 நாள். ஹனோய், சா பா, ஹா லாங், ஹுவே, டா நாங், ஹோய் ஆன், டா லாட், ஹோ சி மின் சிட்டி என எட்டு ஊர்களையும் குறைந்த செலவில் பார்த்துவிட்டு வர முடியுமா?

முடியும். ஆனால் அப்படிப் போகாதீர்கள் என்றுதான் சொல்வேன். நான் அந்த நாட்டுக்கு மூன்று முறை போயிருக்கிறேன். முதல் முறை கையில் இருந்தது ஏறக்குறைய உங்கள் பட்டியல்தான். இன்று அந்தப் பயணத்தை யோசித்தால் பேருந்து நிலையங்களும், பெட்டியைத் திறந்து மூடியதும்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. ஊர்கள் அப்புறம்தான் வருகின்றன.

குறைந்த செலவில் போக வேண்டும் என்றால் பலரும் மலிவான அறை, மலிவான சாப்பாடு என்று கணக்கைத் தொடங்குகிறார்கள். வியட்நாமில் அவை இரண்டும் ஏற்கெனவே மலிவு. அங்கே நீங்கள் பெரிதாக மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை. காசும் நேரமும் சேர்ந்து கரைவது ஊர் மாறுவதில்தான். நாட்டின் வரைபடத்தை ஒரு தடவை பாருங்கள். வடக்கிலிருந்து தெற்கே 1,650 கிலோமீட்டர் நீளம். நடுவில் மிகக் குறுகலான இடத்தில் 50 கிலோமீட்டர்தான் அகலம். ஒரு நீண்ட கயிற்றில் முடிச்சுப் போட்ட மாதிரி ஊர்கள். சுற்றி வர வழியில்லை. மேலே இருந்து கீழே இறங்கலாம், இல்லையென்றால் கீழே இருந்து மேலே ஏறலாம்.

உங்கள் பட்டியலை மணிக்கணக்கில் போட்டுப் பார்த்தேன். ஹனோயிலிருந்து சா பா போய்வரப் பேருந்தில் 12 மணி நேரம். ஹா லாங் போய்வர 6. ஹனோயிலிருந்து டா நாங் விமானம் வானத்தில் ஒன்றேகால் மணி நேரம்தான் பறக்கும். ஆனால் அறைக் கதவிலிருந்து அறைக் கதவு வரை 5 மணி நேரம் போய்விடும். டா நாங், ஹுவே, ஹோய் ஆன் என்று அலைவதில் 7. அங்கிருந்து டா லாட் இன்னொரு 5. டா லாட்டிலிருந்து ஹோ சி மின் சிட்டிக்குப் பேருந்தில் 8. மொத்தம் 43 மணி நேரம். பெட்டி கட்டுவது, அறை காலியாகும் வரை காத்திருப்பது எல்லாம் சேர்த்தால் 49. வந்து இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் பாதிப் பாதிதான் என்பதால், 9 நாளில் நீங்கள் விழித்திருக்கும் நேரம் 120 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஐந்தில் இரண்டு பங்கு ஜன்னல் வழியாகவே போய்விடும். அதற்குத்தான் நீங்கள் அதிகம் செலவும் செய்யப்போகிறீர்கள்.

சரி, எதை விடுவது?

சா பாவை விடுங்கள். மலை, படிக்கட்டு வயல் எல்லாம் அழகுதான். ஆனால் மார்ச்சில் அந்த வயல்களில் நாற்று இருக்காது. மூடுபனிக்கும் வாய்ப்பு அதிகம். பன்னிரண்டு மணி நேரம் செலவழித்துப் போய் வெள்ளைத் திரையைப் பார்த்துவிட்டு வரும் ஆபத்து இருக்கிறது. டா லாட்டையும் ஹோ சி மின் சிட்டியையும் விடுங்கள். ஹோ சி மின் சிட்டி பிடிக்காமல் சொல்லவில்லை. அங்கே தமிழ் வணிகர்கள் கட்டிய மாரியம்மன் கோயிலில் இன்றைக்கும் வியட்நாமியர்கள் வந்து சுவரில் நெற்றியை வைத்து வேண்டிக்கொள்வதைப் பார்த்து நெகிழ்ந்து நின்றிருக்கிறேன். ஆனால் தெற்கு என்பது தனிப் பயணம். மேகாங் கழிமுகம், கூ சி சுரங்கங்கள், டா லாட், ஃபூ குவாக் தீவு என்று அடுத்த முறைக்கு ஒரு முழுப் பட்டியலே அங்கே இருக்கிறது.

ஹா லாங்கை விடச் சொன்னால் கோபம் வரும், தெரியும். படகில் ஓர் இரவு தங்கினால்தான் அந்த விரிகுடா மனதில் நிற்கும். உங்கள் கணக்கில் மிகப் பெரிய ஒற்றைச் செலவு அந்தப் படகாகத்தான் இருக்கும். ஒரே நாளில் போய்வந்தால் பாதி நேரம் வேனில் கழியும். அதற்குப் பதிலாக நின் பின் போங்கள். ஹனோய்க்குத் தெற்கே 100 கிலோமீட்டருக்குள், ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்குள். ஹா லாங்கில் கடலிலிருந்து எழும் அதே சுண்ணாம்புப் பாறைகள் இங்கே நெல்வயலிலிருந்தும் ஆற்றிலிருந்தும் எழுகின்றன. ட்ராங் ஆன் என்ற இடத்தில் துடுப்புப் படகில் ஏறினால் குகைக்குள் நுழைந்து, வெளியேறி, அடுத்த குகைக்குள் நுழைந்து என்று மூன்று மணி நேரம் போகும். குகைக் கூரை அவ்வளவு தாழ்வு. படகோட்டும் அம்மா திரும்பிப் பார்த்துக் கையால் சைகை காட்டுவார், எல்லோரும் குனிந்துகொள்ள வேண்டும். 2014-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம் இது.

ஆக, நான் சொல்லும் வழி: ஹனோய், நின் பின், ஹுவே, ஹோய் ஆன். ஹனோயில் இறங்கி டா நாங்கிலிருந்து ஊர் திரும்புவது. இதில்தான் முதல் மிச்சம் இருக்கிறது. போக ஒரு ஊர், திரும்ப வேறொரு ஊர் என்று விமான டிக்கெட் எடுங்கள். டா நாங்கிலிருந்து பாங்காக், சிங்கப்பூர், கோலாலம்பூருக்கு நேரடி விமானங்கள் உண்டு, அங்கிருந்து மாறிக்கொள்ளலாம். டிக்கெட் ஓரிரண்டாயிரம் ரூபாய் கூடினாலும், திரும்ப ஹனோய்க்கு ஏறிப் போகும் செலவும் ஒரு முழு நாளும் தப்பும்.

முதல் இரண்டு இரவு ஹனோய். விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வர 86-ஆம் எண் பேருந்து இருக்கிறது. நேராக ரயில் நிலையம் வரை போகும், டாக்சிக் கட்டணத்தில் சிறு பங்குதான். பழைய நகரப் பகுதியில் தங்கினால் எல்லாம் நடந்தே பார்க்கலாம். 1070-இல் கட்டிய இலக்கியக் கோயிலைத் தவறவிடாதீர்கள். தேர்வில் வென்ற அறிஞர்களின் பெயர் பொறித்த 82 கல்வெட்டுகள், ஒவ்வொன்றும் ஒரு கல் ஆமையின் முதுகில் நிற்கும். ஹோ சி மின் நினைவிடம் காலையில் மட்டும்தான், அதுவும் திங்களும் வெள்ளியும் மூடியிருக்கும். மார்ச்சில் ஹனோயில் சாரல் மாதிரி மெல்லிய தூறல் இருந்துகொண்டே இருக்கும். குடை வேண்டாம், தொப்பியோடு ஒரு மெல்லிய மழைக்கோட்டு போதும்.

மூன்றாம் நாள் காலை ரயிலில் நின் பின். அங்கே தாம் கொக் பக்கம் ஓர் இரவு தங்குங்கள். சாயங்காலம் சுற்றுலாப் பேருந்துகள் எல்லாம் ஹனோய்க்குத் திரும்பிய பிறகு அந்த ஊர் வேறு ஊராகிவிடும். தங்குமிடத்திலேயே சைக்கிள் தருவார்கள். வயல் வரப்பு மாதிரியான சின்னச் சாலைகளில் இருட்டும் வரை சுற்றலாம்.

நான்காம் நாள் இரவு மறுபடியும் ஹனோய்க்குப் போகாதீர்கள். பலரும் செய்யும் தவறு இது. ஹனோயிலிருந்து தெற்கே போகும் ரயில்கள் நின் பின்னிலும் நிற்கும். இரவில் அங்கேயே ஏறிக்கொண்டால் மறுநாள் காலை ஹுவே. ஓர் இரவு அறை வாடகை மிச்சம், பகலில் ஒரு மணி நேரம்கூட வீணாகாது.

அந்த ரயிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் பயணத்தின் முதுகெலும்பே அதுதான். ஹனோயையும் சைகோனையும் (ஹோ சி மின் சிட்டியின் பழைய பெயர்) இணைக்கும் 1,726 கிலோமீட்டர் பாதை. 1936-இல் முடிந்தது, போரில் துண்டு துண்டாகி, 1976 கடைசியில் மறுபடி ஓடத் தொடங்கியது. வேகமான ரயில்களின் எண் எஸ்இ என்று தொடங்கும். ஒற்றைப்படை எண் தெற்கே போவது, இரட்டைப்படை வடக்கே வருவது. இது மனதில் இருந்தால் டிக்கெட் எடுக்கும்போது திசை குழம்பாது. படுக்கையில் இரண்டு வகை: நான்கு பேர் அறை, ஆறு பேர் அறை. இரண்டுக்கும் கதவு உண்டு, குளிர்சாதனம் உண்டு. ஆறு பேர் அறையில் மேல் படுக்கைதான் மிக மலிவு; ஆனால் அதில் நிமிர்ந்து உட்கார முடியாது, படுக்கத்தான் முடியும். இரவு ஏறிக் காலையில் இறங்குவதற்கு அது போதும். உயரமானவர், முழங்கால் வலி உள்ளவர் என்றால் நான்கு பேர் அறையில் கீழ்ப் படுக்கைக்குக் கூடுதலாகக் கொடுங்கள், தயங்காதீர்கள். ரயில்வேயின் சொந்தத் தளத்திலேயே டிக்கெட் எடுக்கலாம். பாஸ்போர்ட் எண் கேட்கும். இடைத்தரகர் தளங்கள் வசதிதான், ஆனால் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் மேலே காசு வைத்துத்தான் விற்பார்கள்.

படுக்கைப் பேருந்து இன்னும் மலிவு. மூன்று வரிசை, இரண்டு அடுக்கு, ஏறும்போதே செருப்பைக் கழற்றிப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையில் கொடுத்துவிடுவார்கள். நான் முதல் முறை ஹனோயிலிருந்து ஹுவேக்கு அதில்தான் போனேன். எட்டு மணிக்குத்தான் சேரும் என்று சொன்ன வண்டி நாலரை மணிக்கே இறக்கிவிட்டது. தங்குமிடம் பூட்டிக் கிடந்தது. ஏழு மணி வரை படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். அறை கிடைத்தது மதியம் இரண்டு மணிக்கு. படுத்தவன் எழுந்தபோது கோட்டையை மூடும் நேரமாகிவிட்டது. பேருந்தில் மிச்சம் பிடித்த சில டாலருக்காக ஹுவேயையே இழந்தேன். இரவுப் பயணம் எடுக்கும்போது விலையோடு, எத்தனை மணிக்கு இறக்கிவிடும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். காலை ஏழுக்கு முன்னால் இறக்கிவிடும் எதுவும் மலிவு கிடையாது.

ஐந்தாம் நாள் ஹுவே. ஒரு பகல், ஓர் இரவு போதும். 1802 முதல் 1945 வரை ஆண்ட நூயென் அரசர்களின் தலைநகரம். 1968 போரில் அரண்மனையின் பெரும்பகுதி இடிந்துபோனது. வெறும் புல் முளைத்த மேடைகளுக்கு நடுவே மீட்டுக் கட்டிய மண்டபங்கள் நிற்கின்றன. பையைத் தங்குமிடத்தில் போட்டுவிட்டு முதலில் கோட்டை, பிறகு ஊருக்கு வெளியே ஒரே ஒரு அரசர் சமாதி. எல்லாச் சமாதிக்கும் தனித்தனி நுழைவுச் சீட்டு. மூன்று பார்த்தால் மூன்றும் குழம்பிவிடும். ஒன்றுதான் என்றால் ஏரியும் பைன் மரங்களும் சூழ்ந்த டூ டுக் சமாதிக்குப் போங்கள்.

ஆறாம் நாள் ஹுவேயிலிருந்து டா நாங் ரயில். இந்த 100 கிலோமீட்டரை எக்காரணம் கொண்டும் பேருந்தில் போகாதீர்கள். நடுவில் ஹாய் வான் கணவாய். கடல், மேகம் என்று பொருள் தரும் பெயர். பேருந்து 2005-இல் திறந்த ஆறு கிலோமீட்டர் சுரங்கப்பாதைக்குள் புகுந்து மறுபக்கம் வந்துவிடும். நீங்கள் பார்ப்பது விளக்குகளை மட்டும்தான். ரயிலோ மலையின் விளிம்பில் வளைந்து வளைந்து போகும், கீழே பாறையில் அலை உடைவது தெரியும். தெற்கே போகும்போது இடப்பக்க ஜன்னல். மூன்று மணி நேரம், உட்காரும் இருக்கைக்கு ஒன்றிரண்டு வேளைச் சாப்பாட்டு விலைதான். 2024 மார்ச் முதல் இதற்கென்றே தனிச் சுற்றுலா ரயிலும் விட்டிருக்கிறார்கள். அது வழியில் லாங் கோ என்ற கடலோர நிலையத்தில் சற்று நேரம் நிற்கும்.

டா நாங்கிலிருந்து ஹோய் ஆன் 30 கிலோமீட்டர். ஹோய் ஆனில் ரயில் நிலையமும் கிடையாது, விமான நிலையமும் கிடையாது. கிராப் செயலியில் கார் பிடித்தால் விலை முன்கூட்டியே தெரிந்துவிடும், பேரம் பேச வேண்டாம். இங்கே மூன்று இரவு இருங்கள். ஆம், மூன்று. கடைசியில் ஓர் ஊரிலாவது பெட்டியைப் பிரித்துத் துணியைக் கொடியில் போட வேண்டும். பழைய நகருக்கு உள்ளே தங்காமல் வயலுக்கும் கடற்கரைக்கும் நடுவில் இருக்கும் வீட்டு விடுதிகளில் தங்குங்கள். விலை குறைவு, சைக்கிள் இலவசம், ஆன் பாங் கடற்கரை கைக்கெட்டும் தூரம்.

மூன்று இரவு கேட்பதற்கு இன்னொரு காரணம் மி சன். ஹோய் ஆனிலிருந்து 40 கிலோமீட்டர். ஒரு காலத்தில் இந்தப் பகுதியை ஆண்ட சம்பா அரசர்கள் நான்காம் நூற்றாண்டு முதல் சிவனை வழிபட்ட இடம்; பின்னர் அவர்கள் கட்டிய செங்கல் கோயில்கள், மலைகள் சூழ்ந்த ஒரு பள்ளத்தாக்கில். முதல் கோயிலை எழுப்பிய பத்ரவர்மன் தன் பெயரையே சேர்த்து பத்ரேசுவரன் என்று லிங்கத்துக்குப் பெயர் வைத்தான். செங்கல்லுக்குச் செங்கல் இடையே சுண்ணாம்புப் பூச்சே கண்ணுக்குத் தெரியாது, சுவரிலேயே செதுக்கியிருப்பார்கள். 1969-இல் விழுந்த குண்டுகளில் மிகப் பெரிய கோபுரம் போய்விட்டது. குண்டு விழுந்த பள்ளங்கள் இன்றும் புல்லுக்கு நடுவே தெரிகின்றன. பிற்காலத்தில் இந்தியத் தொல்லியல் துறை இங்கே சீரமைப்பு வேலை செய்தது. 2020 மே மாதம் அந்த வேலையின்போது ஒரே மணற்கல்லில் ஆன ஒன்பதாம் நூற்றாண்டு லிங்கம் ஒன்று மண்ணுக்கடியிலிருந்து கிடைத்தது. நம் ஊர்க் கோயில்களில் வளர்ந்த ஒருவருக்கு அந்த ஆவுடையாரைப் பார்க்கும்போது தோன்றுவதை விளக்க எனக்கு வார்த்தை போதாது. விடிகாலையில் கிளம்புங்கள். ஒன்பது மணிக்கு மேல் வெயிலும் கூட்டமும் சேர்ந்துவிடும்.

ஒன்பதாம் நாள் டா நாங். விமான நிலையம் ஊருக்குள்ளேயே இருப்பதால், விமானம் சாயங்காலம் என்றால் சம் சிற்ப அருங்காட்சியகத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். மி சன்னில் காலியாக இருக்கும் பீடங்களின் சிலைகள் பல இங்கேதான் இருக்கின்றன. மி சன்னைப் பார்த்த பிறகு இதைப் பார்ப்பதுதான் சரியான வரிசை.

செலவுக்கு வருகிறேன். வியட்நாம் நாணயம் டாங். ஒரு லட்சம் டாங் ஏறக்குறைய 4 அமெரிக்க டாலர். நான் வைக்கும் கணக்கு: இருவர் அறை 20 டாலர் என்றால் தலைக்கு 10, சாப்பாடு 8, நுழைவுச் சீட்டுகள் சராசரி 6, உள்ளூர்ப் போக்குவரத்து 6. ஆக நாளொன்றுக்கு ஒருவருக்கு 30 டாலர். இரவு ரயிலையும் மி சன்னையும் சேர்த்து முழுப் பயணத்துக்கும் 300 டாலர் வைத்துக்கொண்டால் நெருக்கடி இல்லாமல் முடியும். ஊரிலிருந்து போய்வரும் விமானமும் விசாவும் இதில் சேராது.

டாங் நோட்டுகளோடு ஒரு ஜாக்கிரதை. 20,000 நோட்டும் 5,00,000 நோட்டும் இரண்டுமே நீலம். முதல் நாள் இரவு விளக்கு வெளிச்சத்தில் இளநீருக்குப் பெரியதைக் கொடுத்துவிட்டு என் அக்கா நடக்கத் தொடங்கிவிட்டார். கடைக்காரப் பெண் பின்னாலேயே ஓடிவந்து திருப்பிக் கொடுத்தார். எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது. ஐந்து லட்சம் நோட்டுகளைத் தனிப் பையில் வையுங்கள். நோட்டின் பின்பக்கத்தையும் பாருங்கள்: 20,000-இல் ஹோய் ஆன் ஜப்பானியப் பாலம், 50,000-இல் ஹுவே, 1,00,000-இல் ஹனோய் இலக்கியக் கோயில். உங்கள் வழியே பர்ஸுக்குள் இருக்கிறது. டாலர் கொண்டுபோனால் மடிப்பில்லாத, மை படாத நோட்டாகப் பார்த்து எடுங்கள். கிறுக்கல் இருந்தால் வாங்க மாட்டார்கள். ஏடிஎம்மில் ஒவ்வொரு முறையும் கட்டணம் பிடிக்கும் என்பதால் சின்னச் சின்னத் தொகையாக எடுக்காதீர்கள்.

சைவம் சாப்பிடுபவர்கள் "சாய்" என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டே பிழைத்துவிடலாம். "தோய் ஆன் சாய்" என்றால் நான் சைவம். சாய் என்று பலகை போட்ட கடைகள் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. அங்கே சந்திர மாதத்தின் முதல் நாளன்றும் பௌர்ணமியன்றும் பலர் சைவம் சாப்பிடுவதால் அந்த நாள்களில் இன்னும் எளிது. சாதாரணக் கடையில் காய்கறி மட்டும் என்று கேட்டால் மீன் சாறு ஊற்றித்தான் தருவார்கள். அவர்களுக்கு அது நமக்கு உப்பு மாதிரி.

விசா ஆன்லைனிலேயே கிடைக்கும். ஒருமுறை நுழைவுக்கு 25 டாலர், 2023 ஆகஸ்ட் முதல் 90 நாள் வரை தருகிறார்கள். அரசுத் தளத்தைப் போலவே தோன்றும் தனியார் தளங்கள் இரண்டு மூன்று மடங்கு வாங்குகின்றன; முகவரியின் கடைசியில் அரசுக்குரிய gov.vn என்ற எழுத்துகள் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுக் காசு கட்டுங்கள். நம்மில் பலருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும், அல்லது அப்பா பெயர் அங்கே போயிருக்கும். புகைப்படப் பக்கத்தின் அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரி இருக்கிறதல்லவா, அதில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே விசாவிலும் இருக்க வேண்டும். பெயர் ஒன்றே ஒன்றுதான் என்றால் விமான டிக்கெட்டில் எப்படிப் போடுவது என்று அந்த நிறுவனத்தையே கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

நாள் மாறினால் இந்தத் திட்டமும் மாறும். அக்டோபர், நவம்பரில் ஹுவே, ஹோய் ஆன் பக்கம் பெருமழை. ஹோய் ஆன் தெருக்களில் படகு விடும் அளவுக்குத் தண்ணீர் வரும். அந்த மாதங்களில் போவதாக இருந்தால் மத்தியப் பகுதியை அப்படியே விட்டுவிட்டு வடக்கை மட்டும் பாருங்கள். அப்போது சா பாவுக்கு நான் சொன்ன ஆட்சேபணையும் பாதி குறைந்துவிடும். டெட் என்னும் அவர்களின் புத்தாண்டு ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ வரும். 2027-இல் பிப்ரவரி 6. அதற்கு முன்னும் பின்னும் ஒரு வாரம் ரயிலில் இடமிருக்காது, கடைகள் பாதி மூடியிருக்கும்.

முதலில் விமானம், உடனே நின் பின் முதல் ஹுவே வரையான இரவு ரயில். இந்த இரண்டும் கையில் வந்த பிறகு அறைகளைப் பாருங்கள். ஹோய் ஆன் அறையை மட்டும் காசு திரும்பக் கிடைக்கும்படி பதிவு செய்யுங்கள். ஹுவே பிடித்துப்போய் இன்னொரு நாள் இருக்கத் தோன்றினால் அங்கிருந்தே மாற்றிக்கொள்ளலாம்.